முப்பது நாள் தொகையா, தீர்ப்பாயமா?

கே: லாரி மோதி என் தம்பியின் வலது கை நசுங்கிவிட்டது. போசரி ஒர்க்‌ஷாப்பில் காண்ட்ராக்ட் ஆபரேட்டர், வயது 32, சம்பளம் 20,000. இன்சூரன்ஸ் கம்பெனி ஆறு லட்சம் தருவதாகச் சொல்கிறது. வாங்கிவிடலாமா?
– வாசகி, சிஞ்ச்வட்

ப: கணக்குப் போடாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஆண்டு வருமானம் 2,40,000. நாற்பது வயதுக்குள் என்பதால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 3,36,000. இந்த வயதுக்கு சர்லா வர்மா வழக்கில் (2009) உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கெண் 16. சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் போனது என்று மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் ஏற்றால், 21,50,400 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவும் வலிக்கான தொகையும் தனி. இப்போது அந்த ஆறு லட்சத்தைப் பாருங்கள்.

கே: டாக்டர் சர்டிஃபிகேட்டில் 25 சதவீதம் ஊனம் என்றுதானே இருக்கிறது?

ப: அது உடம்பின் கணக்கு. பிழைப்பின் கணக்கு வேறு. ராஜ்குமார் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றமே சொன்ன உதாரணம்: இடது கையை இழந்த டிரைவருக்கோ தச்சருக்கோ வருமானம் கிட்டத்தட்ட முழுதும் போகிறது, அரசு குமாஸ்தாவுக்கு அப்படியில்லை. தம்பி மெஷினில் என்ன வேலை செய்தார், இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்பதற்குச் சாட்சி வேண்டும். சூப்பர்வைசரிடம் இப்போதே பேசி வையுங்கள்.

கே: அப்படியானால் சமரசமே கூடாதா?

ப: ஏன் கூடாது? நல்ல தொகை சீக்கிரம் வந்தால் அதுவே நீதி. அயர்லாந்தில் 2004 முதல் இதற்குத் தனி வாரியம் இருக்கிறது. பெரும்பாலான காய வழக்குகள் அங்கே மதிப்பீட்டுக்குப் போன பிறகுதான் கோர்ட்டுக்குப் போக முடியும். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 149-ஆம் பிரிவும் முப்பது நாளில் சமரசத் தொகை சொல்லச் சொல்கிறது. ஆனால் சொல்பவர் யார்? பணம் கட்டவேண்டிய கம்பெனி நியமித்த அதிகாரி! அதனால்தான் இத்தனை எச்சரிக்கை. பிடிக்கவில்லை என்றால் மறுத்துவிடுங்கள். தீர்ப்பாயம் வழக்கை விசாரிக்கும். ஏற்பதானாலும் தீர்ப்பாயத்தின் முன்னால் பதிவாகட்டும். வீட்டுக்கு வந்து நீட்டும் தாளில் கையெழுத்து வேண்டாம்.

கே: லோக் அதாலத்?

ப: கட்டணம் கிடையாது, வேகம் உண்டு, மேல்முறையீடு கிடையாது. மூன்றாவதை மறக்காமல் போய் உட்காருங்கள்.

கே: மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால்?

ப: அரசுத் திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. மிகக் குறைவு, ஆனாலும் விடாதீர்கள்.

கே: உளுந்தூர்ப்பேட்டை அருகே விபத்து. கேஸுக்கு அங்கேதான் அலைய வேண்டுமா?
– வாசகர், ஆகுர்டி

ப: வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலும் மனுப் போடலாம் என்கிறது 166-ஆம் பிரிவு. உங்களுக்குப் புனே. எஃப்.ஐ.ஆர். நகலை மட்டும் அங்கிருந்து வாங்கிவிடுங்கள். மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் மனுப் போட ஆறு மாதக் கெடு இருக்கிறது, இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.