எச் எழுத்துக்கு இருபது வருஷ வனவாசம்

1890. அமெரிக்க ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசனுக்குத் தலைவலி. ஒரே மலைக்கு சர்வே இலாகா ஒரு பெயர் வைத்தது, தபால் இலாகா வேறொரு பெயர் வைத்தது. இரண்டுமே அரசாங்க மேப்! அரசாங்கங்களுக்கு இந்த மாதிரி நேரத்தில் தோன்றும் ஒரே ஐடியா அவருக்கும் தோன்றியது. கமிட்டி போட்டார்.

தலைவர் மெண்டன்ஹால் சாதாரண ஆளில்லை. ஜப்பானில் ஃபூஜி மலை உச்சிக்கே ஏறிப் புவியீர்ப்பை அளந்த விஞ்ஞானி. அப்பேர்ப்பட்ட மேதையிடம் ஒப்படைத்த வேலை? ஸ்பெல்லிங் கரெக்‌ஷன்!

அதிகாரிகள் கையில் சிவப்புப் பேனா கிடைத்தால் சும்மா இருப்பார்களா? ‘பர்க்’ என்று முடியும் ஊர்களுக்கெல்லாம் கடைசி எச் எதற்கு, தண்டச்சோறு, வெட்டு என்றார்கள். 1891-ல் பிட்ஸ்பர்க் நகரத்தின் வால் அறுந்தது. நம்மூரில் நியூமராலஜி ஜோசியருக்குக் காசு கொடுத்து ஒரு எச் சேர்க்கிறோம். அங்கே இலவசமாகப் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஆதாரம் கேட்டால், 1816-ஆம் வருஷத்து நகர சாசனத்தின் அச்சுப் பிரதியைக் காட்டினார்கள். அதில் எச் இல்லைதான். மூலத்தில் இருந்தது. அச்சுக்கோத்த புண்ணியவான் விட்டுவிட்டார்!

சரி, 1758-ல் பெயர் வைத்த ஜெனரல் ஃபோர்ப்ஸ் எப்படித்தான் எழுதினார்? அந்த ஸ்காட்லாந்துக்காரர், பிரிட்டிஷ் தலைவர் வில்லியம் பிட்டைக் குளிர்விக்க எழுதிய கடிதத்தில் எச்சும் போட்டு, நடுவில் உபரியாக ஒரு ஓவும் போட்டிருக்கிறார். ஆக, எச் வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு கட்சியுமே தப்பு.

ஊர் இரண்டுபட்டது. ஒரு பேப்பரில் எச் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. பேஸ்பால் சூப்பர்ஸ்டார் ஹோனஸ் வாக்னர் படம் போட்ட கார்டில், அவர் பனியனில் எச் இல்லை. சிகரெட் பாக்கெட்டோடு சும்மா கொடுத்த அந்தக் கார்டு ஒன்று 2022-ல் 72.5 லட்சம் டாலருக்கு விலைபோனது. எச் இல்லாவிட்டால் என்ன குறைச்சல்!

கடைசியில் செனட்டர் ஜார்ஜ் ஆலிவர் மல்லுக்கட்ட, 1911 ஜூலையில் கமிட்டி சரண்டர். எச் திரும்பி வந்தது. உள்ளூர் ‘பிட்ஸ்பர்க் பிரஸ்’ பத்திரிகை மட்டும் அதை உள்ளே விட 1921 வரை யோசித்தது. இதில் பாவம், கலிபோர்னியாவில் ஓர் ஊர். அதே 1911 பிப்ரவரியில்தான் ஆசையாக எச் இல்லாத அந்தப் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டிருந்தது! இன்னும் மாற்றவில்லை.

இன்றைய அமெரிக்க சென்சஸ் கம்ப்யூட்டருக்கு பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் வெறும் 4261000. எச் உண்டா என்று அது கேட்பதே இல்லை.