அரைச் சக்கரம்

திருவிதாங்கூரின் பழைய வெள்ளிச் சக்கரத்தைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதைக் காசு என்று சொல்வது ஒரு மரியாதைக்காகத்தான். துவரம்பருப்பைத் தட்டையாக்கினால் அந்த அளவு வரும். தும்மினால் பறக்கும். மார்த்தாண்டவர்மா 1750-இல் நாட்டை அப்படியே பத்மநாபசாமி பெயருக்கு எழுதிவைத்துவிட்டார் அல்லவா, சாமி சொத்தில் கை நீட்டுவதாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்று பின்னால் வந்தவர்கள் காசைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் அடித்தார்கள் போல.

இந்தச் சில்லறையை ஆயிரக்கணக்கில் எண்ண வேண்டுமே? அதற்குத்தான் சக்கரப் பலகை. ஒரு மரப்பலகை, அதில் காசு அளவுக்கு வரிசை வரிசையாகக் குழிகள். ஒரு பிடிச் சக்கரத்தைக் கொட்டிப் பலகையை ஓர் ஆட்டு ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். மிச்சத்தைக் கையால் வழித்துவிட்டால் கணக்கு முடிந்தது. சர்க்கார் கஜானாவிலும் கடையிலும் இதுதான் யந்திரம். கரண்டு வேண்டாம், டவர் வேண்டாம், பேப்பர் ரோல் தீர்ந்துபோய் வாயைப் பிளந்துகொண்டு நிற்காது. எங்கள் ஊரான குழித்துறையின் பெயரில் குழி எப்படி வந்தது என்பதற்குப் பெரியவர்கள் என்னவெல்லாமோ சொல்வார்கள். நான் இந்தப் பலகைக் கட்சி.

கணக்கு இப்படிப் போகும்: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆகமொத்தம் ரூபாய்க்கு 28 சக்கரம். ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி வருகிற வெள்ளைக்காரன் ரூபாய்க்கு 28½ சக்கரம். ஏழாம் வாய்ப்பாடு தெரியாதவன் திருவிதாங்கூரில் சாமான் வாங்க முடியாது, அரை வாய்ப்பாடு தெரிந்தவன் கடையே வைத்துவிடலாம்.

இங்கேதான் நம் கதாநாயகர் வருகிறார். மற்ற ஊர்களுக்குச் சித்தர் இருப்பதுபோல் குழித்துறைக்கு ஒரு கடைக்காரப் பாட்டா. சாகாவரம் பெற்றவர். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் கடை. பலசரக்கு, கருப்பட்டி, புகையிலை, மண்ணெண்ணெய், ஊர்வம்பு. வயது கேட்டால் சொல்ல மாட்டார், ஏனென்றால் வட்டி கணக்குப் போட்டுவிடுவார்கள். இவர் என் கற்பனைதான். ஆனால் இவர் கடையில் எங்கள் குடும்பத்துக்கு இருக்கிற பற்றைக் கற்பனை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

வெள்ளைக்காரன் ரூபாயை நீட்டினால் பாட்டா 28 சக்கரத்துக்குத்தான் கணக்குப் பார்ப்பார். "அரைச் சக்கரம் எங்க பாட்டா?" என்று கேட்டால், "இது தேஞ்ச ரூவா மக்கா, தேய்மானம் உண்டும்" என்பார். புது ரூபாயாக இருந்தாலும் அதே பதில்தான்.

அந்த அரைச் சக்கரத்தை நூற்றுக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றே முக்கால் வருகிறது. இன்றைக்குக் கடன் அட்டையைத் தேய்த்தால் கடைக்காரர் காசில் பாங்கு பிடித்துக்கொள்வது நூற்றுக்கு இரண்டு, கொஞ்சம் முன்னே பின்னே. செயற்கைக்கோளையெல்லாம் ஏவிச் செய்த விஞ்ஞானம், பாட்டாவின் தேய்மானத்தில் கால் ரூபாய் ஏற்றியிருக்கிறது.

பாட்டாவிடம் கேட்டால் இதெல்லாம் புதிதில்லை என்பார். 849-இல் வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்குச் செப்பேடு வெட்டிக் கொடுத்தாரே, அது என்ன? எடைக்கோலும் அளவையும் யார் பொறுப்பில் இருக்க வேண்டும், எந்த வரி யாருக்கு, அஞ்சுவண்ணத்துக்கும் மணிக்கிராமத்துக்கும் என்ன அதிகாரம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. சாட்சிக் கையெழுத்து அரபியிலும் பாரசீகத்திலும் எபிரேய எழுத்திலும். அதற்கப்புறம் எந்த மெர்ச்சன்ட் அக்ரிமென்டையும் இத்தனை பேர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதாக வரலாறு இல்லை. இப்போது பாங்கிலிருந்து டை கட்டிய பையன் வந்து, பெருக்கல் குறி போட்ட பதினான்கு இடத்தைக் காட்டுகிறான். நாமும் போடுகிறோம்.

ஆனாலும் பாட்டாவின் உண்மையான தொழில்நுட்பம் பலகையல்ல, பற்று நோட்டு. நீளவாக்கில் மடித்த நோட்டு, ஓரத்தில் நூலில் கட்டிய பென்சில். இந்தப் பக்கத்தில் வருஷத்துக்கு இரண்டு பூ: கன்னிப்பூ, கும்பப்பூ. எல்லாக் கடனும் அந்த இரண்டு அறுப்பை நோக்கித்தான் நடக்கும். "கும்பப்பூ அறுத்ததும் தாறேன் பாட்டா" என்றால் எழுதிக்கொள்வார். கடன் அட்டைக்காரர்கள் ஐம்பது நாள் வட்டியில்லை என்று இன்றைக்குத் தம்பட்டம் அடிக்கிறார்கள். பாட்டா ஆறு மாசம் கொடுத்தார். வட்டி கிடையாது, ரொக்கத்துக்கு விற்கிற விலையும் பற்றுக்கு விற்கிற விலையும் வேறு, அவ்வளவுதான். பக்கத்துச் சந்தைக்கு, இன்றைய மார்த்தாண்டத்துக்கு, அந்தக் காலத்தில் தொடுவட்டி என்று பெயர். தொட்டால் வட்டி என்று அதற்குப் பொருள் சொன்னால் மொழியறிஞர்கள் அடிக்க வருவார்கள். கடன் வாங்கியவர்கள் மறுக்க மாட்டார்கள்.

கிரெடிட் லிமிட் உண்டா? உண்டு. வீட்டில் எத்தனை தென்னை, எத்தனை பனை, அதில் எத்தனை ஏற்கெனவே ஒற்றிக்குப் போனது, கெட்டிக் கொடுக்க வேண்டிய பெண்பிள்ளைகள் எத்தனை. இந்த நான்கையும் கூட்டிக் கழித்தால் லிமிட். சிபில் என்று ஒன்றை 2000-இல்தான் மும்பையில் தொடங்கினார்கள். பாட்டாவுக்கு அதற்கு முன்பே ஆற்றுக் குளிக்கடவு இருந்தது. காலையில் அங்கே ஒரு முங்கு முங்கி எழுந்தால் போதும், ஊரில் யார் கையில் சக்கரம் புரள்கிறது, யார் தாலியைப் பணயம் வைத்தார்கள், யாருக்குச் சிட்டி விழுந்தது, எல்லாம் அப்டேட் ஆகிவிடும். வாராக்கடனைக் கண்டுபிடிக்க ஒரே அளவுகோல்: தினமும் கடைக்கு முன்னால் போகிறவன் திடீரென்று ஆற்றங்கரை வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தால் கணக்கு கெட்டுவிட்டது. இதற்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்களாம்.

நடுவில் பாங்கு என்றொரு சரக்கு வந்தது. திருவிதாங்கூர் நேஷனல், குயிலோன் என்று இரண்டு பாங்குகள் 1937-இல் மாலை மாற்றிக்கொண்டு ஒன்றாயின. 1938 ஜூனில் கதவைச் சாத்தின. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் கவிழ்த்தார் என்று ஒரு கட்சி, தானாகவே கவிழ்ந்தது என்று இன்னொரு கட்சி. பணம் போட்டவனுக்கு இரண்டு கட்சியிலும் ஒரே வருமானம்தான். 1960-இல் பாலாய் சென்ட்ரல் பாங்கும் மண்ணைக் கவ்வியது. அதற்குள் எல்லையே மாறிவிட்டது. 1956 நவம்பர் 1-இல் குழித்துறை இருக்கிற விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்ஜியத்துக்கு வந்துவிட, ஐந்து மாசத்தில் நயா பைசாவும் வந்து சேர்ந்தது. சக்கரம் போய், அணா போய், தசம கணக்கு. பாட்டா பலகையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் மிளகாய் வற்றல் காயவைத்தார். பற்று நோட்டை மட்டும் மூடவில்லை.

இதே காலத்தில் உலகின் மறுபக்கத்தில் ஒரு வேடிக்கை. அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம். 1920-களில் டி. ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் வந்து உட்கார்ந்து, தேனீ வளர்ப்பது எப்படி, முட்டையைக் கூட்டாகச் சேர்த்து விற்பது எப்படி என்றெல்லாம் நம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நல்ல மனிதர். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் அவருக்கும் பங்கு உண்டு. நாம் செய்த தவறு, அவரை ஒரு வாரம் பாட்டா கடையில் உட்காரவைத்து அனுப்பாததுதான். அனுப்பியிருந்தால் 1958 நடந்திருக்காது.

1950-இல் நியூயார்க்கில் ஃபிராங்க் மெக்நமாரா என்பவர் டைனர்ஸ் கிளப் தொடங்கினார். ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால் பர்ஸ் இல்லை, அந்த அவமானத்தில் பிறந்தது கடன் அட்டை என்று கதை. கதையைக் கட்டியவர் கம்பெனியின் விளம்பரக்காரர். சாப்பிட்டுவிட்டுப் பர்ஸைத் தேடுகிறவனைக் குழித்துறை ஓட்டல்களில் மாவாட்ட அனுப்புவார்கள், அங்கே முதலாளி ஆக்கினார்கள். ஓட்டல்காரர்களிடமிருந்து அவர் பிடித்தது நூற்றுக்கு ஏழு. ஏழு! பாட்டாவின் தேய்மானத்தைப்போல நான்கு மடங்கு.

1958 செப்டம்பரில் பாங்க் ஆஃப் அமெரிக்கா களமிறங்கியது. கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோ என்ற ஊர். உலர்திராட்சைக்குப் பேர்போன ஊர். நமக்குக் கொல்லாங்கொட்டை மாதிரி அவர்களுக்கு அது. இரண்டு ஊரும் பாயசத்தில் மட்டும் சந்தித்துக்கொள்ளும். அந்த ஊரில் கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்குமாக 60,000 அட்டைகளைத் தபாலில் போட்டார்கள். நாங்கள் கல்யாணக் கார்டுகூட வீடு பார்த்துத்தான் கொடுப்போம். இவர்கள் கடன் அட்டையைத் தபால் பெட்டி பார்த்துக் கொடுத்தார்கள். நூற்றுக்கு நான்கு பேர் இழுத்தடிப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள், கலிஃபோர்னியா முழுக்க அட்டையைப் பரப்பிப் பார்த்தபோது இழுத்தடித்தது 22. தபால் பெட்டியிலிருந்து அட்டையைத் திருடியவன், கள்ள அட்டை அடித்தவன் என்று மாகாணமே கும்பப்பூ அறுத்தது. முதல் ஒன்றேகால் வருஷத்தில் பாங்கே ஒத்துக்கொண்ட நஷ்டம் 88 லட்சம் டாலர். அத்தனைக்கும் காரணம், அங்கே ஆற்றங்கரை வழியாகச் சுற்றிப் போகிறவனைப் பார்க்க ஆள் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபிரெஸ்னோவில் 300-க்கு மேற்பட்ட கடைக்காரர்கள் நூற்றுக்கு ஆறு கொடுத்து இதில் சேர்ந்தார்கள். பெரும்பாலும் சின்னக் கடைகள். பெரிய கடைகளுக்குச் சொந்தமாகக் கடன் கணக்கு, அதை எழுத ஆள் படை. சின்னக் கடைக்காரன் ராத்திரி விளக்கு வைத்துப் பற்று எழுதி, ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய்க் கேட்டு, சண்டைபோட்டு, உறவும் முறிந்து நின்றவன். "நோட்டை எங்களிடம் கொடு, காசு இப்போதே வாங்கிக்கொள், திட்டு வாங்குவது எங்கள் பாடு" என்று ஒருவன் வந்து சொன்னால் ஆறு என்ன, எட்டுகூடக் கொடுப்பான். கடன் அட்டை என்பது வேறொன்றுமில்லை, பாட்டாவின் பற்று நோட்டைக் குத்தகைக்கு எடுத்தது. பாங்க் ஆஃப் அமெரிக்கா விட்ட அந்த அட்டைதான் பின்னால் 1976-இல் விசா என்று பெயர் மாற்றிக்கொண்டது.

நம் நாட்டுக்கு டைனர்ஸ் 1961-இல் வந்தது. நம் பாங்குகளில் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா 1980-இல் சென்ட்ரல் கார்டு விட்டது. அது பாலம் தாண்டிக் குழித்துறைக்கு வர இன்னும் பல வருஷம் ஆனது, வரும்போது வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்தவர்களின் சட்டைப்பையில்தான் வந்தது. பாட்டா கடையில் ஓர் இரும்பு யந்திரம் வைத்தார்கள். அட்டையை வைத்து, கார்பன் தாளை வைத்து, கைப்பிடியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இழுத்தால் தேங்காய் துருவுகிற சத்தத்தில் எண் பதியும். தொகை பெரிதென்றால் பாங்குக்கு எஸ்.டி.டி. போட்டு அனுமதி கேட்க வேண்டும். ஃபோன் கிடைக்கும்வரை வாடிக்கையாளருக்குக் காப்பி. திருட்டு அட்டை எண்களைப் பொடி எழுத்தில் அச்சடித்த புத்தகம் ஒன்று வரும், அதையும் பார்க்க வேண்டும். காப்பி, எஸ்.டி.டி., மூக்குக்கண்ணாடி எல்லாம் கூட்டினால் தேய்மானத்துக்கே தேய்மானம். "கார்டுன்னா ரெண்டு சதவீதம் கூட" என்று பாட்டா அட்டை எழுதித் தொங்கவிட்டார். பாங்குக்காரர் வந்தால் அட்டையைத் திருப்பிப் போடுவார். பின்பக்கத்தில் முருகன்.

ரூபாய் நோட்டு செல்லாமல் போன 2016 நவம்பர் 8 ராத்திரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஊரே ஏ.டி.எம். வாசலில் நின்றது. பாட்டா பழைய பற்று நோட்டைத் திறந்தார், இரண்டு மாசம் குழித்துறை அதில்தான் சாப்பிட்டது. அதே வருஷம் ஏப்ரலிலேயே யு.பி.ஐ. வந்திருந்தாலும் அப்போது அதைச் சீந்த ஆள் இல்லை. பிறகு ஒட்டினார்கள் பாருங்கள் சதுரக் கட்டத்தை, டீக்கடை பாய்லரிலிருந்து கோயில் உண்டியல்வரை. 2020 ஜனவரி 1 முதல் யு.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் அட்டைக்கும் கடைக்காரரிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது என்று உத்தரவு. சக்கரம் உருட்டிய காலத்திலிருந்து முதல் தடவையாக அரைச் சக்கரம் பூஜ்யம்.

பாட்டாவுக்கு மூன்று நாள் தூக்கம் வரவில்லை. "லேய், அரைச் சக்கரம் இல்லாம ஒருத்தனும் அடுத்தவன் காச எண்ண மாட்டான். யாரு தாறா?" விசாரித்தால் சர்க்கார் தருகிறது. பாங்குகளுக்கு ஊக்கத்தொகை என்று 2024-25-க்கு மட்டும் சுமார் 1,500 கோடி, சின்னக் கடையில் 2,000 ரூபாய்க்குள் நடக்கிற பரிமாற்றத்துக்கு நூற்றுக்கு 15 பைசா வீதம். அதாவது பாட்டா கட்டுகிற வரியிலிருந்து பாட்டாவுக்காக. இது போதாதென்று பணம் வந்ததைக் கத்திச் சொல்கிற டப்பாவுக்கு மாச வாடகை. 2022 முதல் ரூபே கடன் அட்டையையும் அதே சதுரக் கட்டத்தில் கோத்துவிட்டார்கள். சின்னக் கடைக்கு 2,000 வரை கமிஷன் இல்லை, தாண்டினால் உண்டு. "1,999-க்கு மேல சாமான் வேணும்னா ரெண்டு தடவையா வா" என்று புது அட்டை தொங்குகிறது. முருகன் இப்போதும் பின்பக்கத்தில்தான்.

போன ஆடி அமாவாசைக்கு வாவுபலிப் பொருட்காட்சியில் பாட்டாவும் ஒரு கடை போட்டார், பலாக்கன்றும் மாங்கன்றும். எல்லாரும் பார்க்கட்டும் என்று சதுரக் கட்ட அட்டையை இருப்பதிலேயே உயரமான பலாக்கன்றில் நூலால் கட்டித் தொங்கவிட்டார். ஒருவர் வந்தார், அட்டையில் ஸ்கேன் செய்தார், டப்பா கத்தியது, கன்றைத் தூக்கிக்கொண்டு கருங்கல் பஸ்ஸில் ஏறிவிட்டார். அட்டையோடு. அடுத்தவர் ஃபோனை நீட்டிக்கொண்டு கன்று கன்றாகத் தேடும்போதுதான் பாட்டாவுக்கு உறைத்தது. பேரனை பைக்கில் விரட்டிவிட்டு, சாக்கு மூட்டைக்கு அடியிலிருந்து மிளகாய்க் கறை படிந்த ஒரு மரப்பலகையை உருவி மேசைமேல் வைத்தார்.

"சில்லறை இருந்தா இதில கொட்டு மக்கா. இத மரத்தில கெட்டுக வழக்கம் இல்ல."