பூச்சு முந்தியா, பொறிப்பு முந்தியா?

வித்து முந்தியா மரம் முந்தியா என்று தர்க்க சாஸ்திரிகள் தலைமுறை தலைமுறையாக வாதிட்டிருக்க, அம்மரம் அறுக்கப்பட்டு, சீவப்பட்டு, பாடசாலைப் பரிசளிப்பு விழாவின் பிரதம விருந்தினருக்குரிய நினைவுச் சின்னமாக மாறும் தறுவாயில், நிறமற்ற லக்கரை முதலிற் பூசுவதா, லேசரால் எழுத்தை முதலிற் பொறிப்பதா என எழும் வினாவை வித்துவான்கள் எவரும் தீண்டினாரல்லர். வன்னி மாவட்டங்களைப் பற்றி 1895இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட கைந்நூலில் இதுபற்றி ஒரு வரியேனும் இல்லாமை அவர்மேற் சுமத்தத்தக்க குற்றமன்று. மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்ததே 1960இல். பாராமதியிற் பிறந்த குமார் பட்டேல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் காபனீரொட்சைட்டு லேசரை ஆக்கியது 1964இல். அதன் 10.6 மைக்ரோமீற்றர் அலைநீளக் கதிர் கண்ணுக்குப் புலனாகாதாயினும், மரம் அதனை ஆவலோடு உள்வாங்கிக் கருகுகின்றது. கற்சிலைமடுவில், பண்டார வன்னியனை 1803இல் வென்றதாக ஆங்கிலேயர் கல்லிற் பொறித்தபோது இந்த வில்லங்கமெல்லாம் அவர்களுக்கு நேரவில்லை.

பூசாத பலகையிற் கதிர் ஓடுங்கால் எழும் புகையானது, மரப்பிசினின் ஆவியோடு கூடி, எழுத்தின் அயலிலுள்ள நுண்துளைகளிற் குடிபுகுந்து, ஈரத்துணிக்கு அசையாத மஞ்சட் கறையாகிவிடுகின்றது. அரத்தாள் கொண்டு தேய்த்தாலோ கறையோடு எழுத்தின் விளிம்பும் போய்விடும். ஆதலின் முதலிலேயே துளைகளை அடைத்துவிட வேண்டுமென்பது முற்பூச்சு மதம். வவுனியாப் பக்கத்து ஓடாவியார் ஒருவர் அதனை, "முதல்லை மரத்தின்ரை வாயைப் பொத்து, தம்பி; பிறகு சுடு" என்று சூத்திரமாக்கினார். இதற்கு உரை வேண்டா.

பிற்பூச்சு மதத்தினர் இதனை ஆட்சேபிப்பர். பூச்சுத் தடித்திருந்தால் விளிம்பில் உருகிக் கொப்பளிக்கும். நன்றாகக் காயாதிருந்தால் எஞ்சிய தின்னர் ஆவி தீப்பற்றும். எல்லாம் சரியாக நடந்தாலும், சுட்ட பள்ளம் மட்டும் மேலாடையின்றி நின்று ஈரத்தை உறிஞ்சும் என்பது அவர் கட்சி. நியாயந்தான். எனினும் அவர் சொற்படி பூசாத பலகையிற் பொறித்துவிட்டுத் தூரிகையை வைத்தால், கரி லக்கரோடு கலந்து இழுபட்டு, 'அதிபர்' என்னும் சொல்லின் நிழல் அடுத்துள்ள 'அவர்கள்' வரை நீளுகின்றதே!

பிறர் மதங்களைப் பரபக்கத்திற் கண்டித்துத் தம் மதத்தைச் சுபக்கத்தில் நிறுவிய அருணந்தி சிவாசாரியாரின் முறையை அடியொற்றி, இனி எமது சுபக்கம். தின்னர் கலந்த மெல்லிய பூச்சொன்றை இட்டு, முற்றாகக் காயவிட்டு, 320ஆம் இலக்க அரத்தாளால் இலேசாகத் தடவி, அதன் பின் பொறித்து, புகையைத் துடைத்து, இறுதிப் பூச்சைத் தூரிகை படாமல் விசிறி முடிப்பதே சித்தாந்தம்.

இதற்குரிய மரங்களில் முதிரையே தலையாயது. பொலிஸார் குற்றிகளைக் கைப்பற்றிய செய்திகளால் பத்திரிகை வாசகர் யாவருக்கும் அறிமுகமான இம்மரம், இளம்பொன் நிறமும் நெருங்கிய வைரமும் உடைமையாற் கரிய எழுத்தை எடுப்பாகக் காட்டும். பலகைக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று விசாரிப்பது மட்டும் பூச்சுக்கும் முந்திய கிரியை. கருங்காலியிற் பொறித்தால், கறுப்பின்மேற் கறுப்பாகிய வாசகம் ஞானிகளுக்கே புலனாகும். தேக்கின் எண்ணெய்ப்பசை வார்னிஷைக் காயவிடாது தாமதிக்கும். பனையிலோ கரிய நார் ஓர் ஆழத்துக்கும் இடையிலுள்ள மென்பகுதி வேறோர் ஆழத்துக்கும் எரிவதால், நேர்கோடும் பல்லிளிக்கும்.

காலமும் இவ்விசாரணைக்கு அங்கமே. சோளகம் வீசும் மாதங்களில் ஏ-9 வீதியோரப் பட்டறையிற் பூசினால், கிளிநொச்சியின் செம்புழுதி அழைப்பிதழின்றியே வந்து பூச்சில் அமரும். மாரியில் விரைவாகக் காயும் லக்கர், காற்றின் ஈரத்தால் வெண்படலம் பூக்கும். முன்னதற்குக் கதவை அடைக்கலாம். பின்னதற்கு மழை ஓய்ந்த நண்பகலைக் காத்திருத்தலன்றி வழியில்லை. ஆனால் விழாக்கள் காத்திருப்பதில்லை. நாளைக் காலை விழா, இன்று மாலை கட்டளை என்னும் நிலையில், முற்பூச்சு, பிற்பூச்சு ஆகிய இரு மதங்களும் ஒருங்கே தோற்று, ஈரப் பூச்சின்மேற் சுற்றிய பொலித்தீன் ஒட்டிக்கொண்டதொரு சின்னமே மேடையேறுகின்றது.

ஆதலின் வன்னிப் பாடசாலைகளின் விழாக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம்: விருந்தினர் பெயர்களை ஒரு வாரம் முன்னதாகவே பட்டறையிற் சேர்ப்பியுங்கள், அவர்தம் பட்டங்களையும் எழுத்துப் பிழையின்றித் தாருங்கள், லேசர் சுட்டதை எந்தப் பூச்சாலும் அழிக்க இயலாது.