இரண்டாம் கடன்: தோற்றமும் வளர்ச்சியும்

வீட்டுக்கடன் பத்திரத்தில் போட்ட கையெழுத்தின் ஈரம் காய்வதற்குள் எடுக்கப்படும் தனிநபர் கடனே இங்கு இரண்டாம் கடன் எனப்படுகிறது. வங்கியில் இதற்குப் பெயர் பர்சனல் லோன். மாமனார் காதுபடப் பேசும்போது மட்டும் ‘ஆபீஸ்ல ஒரு சின்ன அட்வான்ஸ்’.

வீடு வாங்கிய பிறகு எழும் ஆசையால் இக்கடன் தோன்றுவதாகப் பலரும் கருதுகின்றனர். அது பிழை. இரண்டாம் கடன் முதல் கடனின் வயிற்றிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 50 லட்ச ரூபாய்க்கு ஒரு தனி வீடு வாங்குவதாக வைத்துக்கொள்ளலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 விழுக்காடு என்பது ரிசர்வ் வங்கி வகுத்த எல்லை. ஆக, கடன் 40 லட்சம். கைக்காசு 10 லட்சம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என மேலும் நாலரை லட்சம் போகும். இந்தத் தொகையை வீட்டு மதிப்பில் சேர்க்க வங்கிக்கு அனுமதி இல்லை. பி.எஃப். பணமும் அம்மாவின் வளையலும் சார்பதிவாளர் அலுவலகத்தோடு தீர்ந்துவிடுவதால், அடுத்து வரும் செலவுக்கு எதிரே நிற்க ஆளில்லை.

அந்த அடுத்த செலவு இருவகைப்படும். கிரகப்பிரவேச விருந்து முதல் வகை. மொய் அதில் ஒரு பகுதியை மீட்டுத் தருவதால் பெரிதாக ஆராய வேண்டியதில்லை. இரண்டாம் வகையான மரவேலையே ஆய்வுக்கு உரியது. அது ஒரு சமையலறை அலமாரியில் தொடங்கும். அளவெடுக்க வந்தவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே மேலே பார்த்து, “லாஃப்ட்டுக்குக் கதவு போடலையா?” என்பார். பிறகு டிவி யூனிட். பிறகு பூஜையறைக் கதவு. அதில் சதுரச் சதுரமாகத் துளை, துளைக்கொரு பித்தளை மணி. விலையைக் கேட்டு வீட்டுக்காரர் வாயடைத்து நிற்கையில், “லைஃப்ல ஒரு தடவைதான சார் பண்றோம்” என்ற வாக்கியம் வந்து விழும். வயிற்றில் இருந்த இரண்டாம் கடன் பிறப்பது இந்த வாக்கியத்தில்தான்.

இனி, கடன் கிடைக்குமா என்ற கேள்வி. இதில் இரு மரபுகள் உண்டு. முதலாவது தொலைபேசி மரபு: மதியச் சாப்பாட்டில் கை வைத்ததும் அழைத்து, ‘ப்ரீ-அப்ரூவ்டு’ என்று இனிக்க இனிக்கச் சொல்வது. இரண்டாவது கணினி மரபு; இதற்கு இனிக்கப் பேசத் தெரியாது. மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் ஏறத்தாழப் பாதியைத் தாண்டக் கூடாது என்பது இதன் பொதுவான கணக்கு. சம்பளம் 80,000 என்றால் எல்லை 40,000. 40 லட்சத்துக்கு எட்டரை விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுத் தவணை 34,713 ரூபாய். மிச்சம் 5,287. பதினான்கு விழுக்காடு வட்டி, ஐந்தாண்டுத் தவணை என்றால், இந்த மிச்சத்துக்கு இரண்டே கால் லட்சம்வரை கிடைக்கும். லாஃப்ட் கதவு அடங்கலாம், மணிகள் சந்தேகம். கணினி பார்ப்பது சம்பளத்தை மட்டுமல்ல: நாலு வங்கியில் வீட்டுக்கடன் விசாரித்தவருக்கு, அந்த நாலு விசாரிப்பும் சிபில் என்னும் கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையில் வரிசையாக நிற்கும்.

முதல் கடன் சிபிலில் ஏறுவதற்குள் இரண்டாம் கடனை வாங்கிவிடலாம் என்று நம்பிய ஒரு பிரிவினரும் இருந்தனர். வங்கிகள் சிபிலுக்கு மாதத்துக்கு ஒருமுறை விவரம் அனுப்பிய காலம் அவர்களின் பொற்காலம். 2025 ஜனவரி முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்றானதில் அது பாதியாகச் சுருங்கியது. ரிசர்வ் வங்கியும் இரு கடன்களையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. 2023 நவம்பரில் ஈடில்லாத் தனிநபர் கடன்களின் இடர் எடையை, அதாவது கடனுக்கு எதிரே வங்கி ஒதுக்க வேண்டிய மூலதனத்தைத் தீர்மானிக்கும் அளவை, அது 100 விழுக்காட்டிலிருந்து 125 ஆக உயர்த்தியபோது வீட்டுக்கடனைத் தொடவில்லை. ஒரே பந்தியில் அண்ணனுக்கு வாழையிலை, தம்பிக்குத் தையல் இலை.

சில மாதத் தவணையை ஒழுங்காகக் கட்டியவருக்கு அதே வீட்டின் பேரில், வீட்டுக்கடனை ஒட்டிய வட்டியில் ‘டாப்-அப்’ கடன் தரும் வங்கிகள் உண்டு. அறிவுள்ள வழி அதுவே. ஆனால் தச்சர் அத்தனை மாதம் காத்திருப்பதில்லை.

ஆகவே மீண்டும் தனிநபர் கடன்தான். அதில் 2 லட்சம் வாங்கினால் 2 லட்சம் வராது. பரிசீலனைக் கட்டணம் 2 விழுக்காடு என்றால் 4,000, அதன்மேல் ஜி.எஸ்.டி. 720 பிடித்துக்கொண்டு 1,95,280 மட்டும் கணக்கில் ஏறும். தவணை என்னவோ முழு 2 லட்சத்துக்கும்தான். விண்ணப்பத்தில் ‘கடனின் நோக்கம்’ என்ற கட்டத்தில் கல்யாணம், மருத்துவம், பயணம், வீடு சீரமைப்பு எனப் பட்டியல் இருக்கும். வீடு வாங்கி மூன்று மாதம்கூட ஆகாதவர் ‘வீடு சீரமைப்பு’ என்பதில் டிக் அடிப்பார்.

ஐந்தாண்டில் இரண்டாம் கடன் தீர்ந்துவிடும். வட்டி மாறாதிருந்தால், அன்றைக்கு முதல் கடனில் பாக்கி 35 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய்.