‘நாளைக்கு எடுப்பம்’ எண்ட மருமோனுக்கு

மருமோன், நீர் கொம்பியூட்டருக்கு முன்னால இருக்கிற வடிவைப் பார்க்க எனக்கு வலு சந்தோசம். ஒரு கடிதத்தைத் திறக்க எத்தினை வாசல்! முதல் டி ட்ரைவ், அதுக்குள்ள ‘நியூ போல்டர்’, அதுக்குள்ள ‘நியூ போல்டர் (2)’, அதுக்குள்ள ‘அவசரம்’, அந்த அவசரத்துக்குள்ள இன்னுமொரு நியூ போல்டர். ஒவ்வொண்டிலும் நிண்டு, மூச்சு விட்டு, யோசிச்சுப் போறீர். இவ்வளவு பொறுமை என்ர மோளோட கதைக்கேக்க மட்டும் எங்க போய் ஒளிக்குதோ தெரியேல்லை.

கோவிக்காதையும், இந்த உழைப்பைக் குறைக்க ஒரு வழி கிடக்கு. பைலுக்கு மேல மவுசின்ர வலப்பக்கத்தை அமத்தி, ‘சென்ட் டு’ போய், ‘டெஸ்க்டொப்’ எண்டு விடும். வின்டோஸ் 11 எண்டால் முதல் ‘ஷோ மோர் ஒப்ஷன்ஸ்’ எண்டதைத் திறக்கவேணும். வளைஞ்ச அம்புக்குறியோட ஒரு சின்னப்படம் வந்து குந்தும். அதிலயும் வலப்பக்கம் அமத்தி, ‘புரொப்பர்ட்டீஸ்’ திறந்து, ‘ஷோர்ட்கட் கீ’ எண்ட கட்டத்துக்குள்ள ‘கே’ எண்டு ஒரு எழுத்தைத் தட்டும். அது தன்ரபாட்டில ‘கொன்ட்ரோல், ஓல்ட், கே’ எண்டு மாறிக்கொள்ளும். ஓகே குடுத்த பிறகு மூண்டையும் ஒண்டா அமத்தினால் கடிதம் முன்னுக்கு வந்து நிக்கும்.

இன்னும் கொஞ்சம் சொல்லட்டோ? தமிழுக்கும் இங்கிலீசுக்கும் மாற நீர் மூலையில போய்த் துளாவுறீர். வின்டோஸ் விசையோட ஸ்பேஸை அமத்தும். எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போகேக்க வின்டோஸ் விசையோட ‘எல்’ எழுத்தை அமத்தும். திரை பூட்டுப்படும், பொடியள் வந்து உம்மட கடிதத்துக்குள்ள பொம்மை கீறாயினம். பிழையா ஒண்டைச் செய்தால் கொன்ட்ரோல் இஸட், செய்தது இல்லாமல் போகும். இதை வீட்டில வாயால சொன்னதுக்குப் பாவிச்சுப் பாராதையும், அங்க அது வேலை செய்யாது.

ஆனால் போனமுறை மாதிரி மட்டும் வேண்டாம். டெஸ்க்டொப்பில கிடந்த ஷோர்ட்கட்டைப் பென் ட்ரைவில போட்டுக்கொண்டு, பிரின்ட் எடுக்க யாழ்ப்பாணம் ரவுணுக்கு பஸ் ஏறினனீர். கடைப் பொடியன் திறந்து பார்த்திட்டு, “அண்ணை, இதுக்குள்ள ஒண்டும் இல்லையே” எண்டவன். நீர் அவன்ர மிசின் பழுது எண்டு தீர்ப்புச் சொல்லிப்போட்டு வந்தனீர். கேற்றில கிடந்த பேர்ப்பலகையைக் கழட்டிக்கொண்டு போய் “இந்தா வீடு, வாங்கும்” எண்டால் ஆர் வாங்குவான்? ஷோர்ட்கட்டுக்குள்ள பைல் எங்க கிடக்கெண்ட விலாசம் மட்டும்தான். அதை அழிச்சால் பைலுக்கு ஒண்டும் ஆகாது. பைல் அழிஞ்சால் அது நிண்டும் பிரயோசனமில்லை.

பென் ட்ரைவைச் செருகினவுடன உள்ள போல்டரெல்லாம் தன்ரபாட்டில ஷோர்ட்கட்டா மாறிக் கிடந்தால் அது வேற சங்கதி. அது வைரஸ். உம்மட போல்டரை ஒளிச்சுவைச்சிட்டுத் தன்ர முகமூடியை முன்னுக்கு விடும். அதில தட்டிப் பார்க்கிற ஆசை வரும், அடக்கிக்கொள்ளும். பைல் அனேகமா உள்ளுக்குத்தான் கிடக்கும், தெரிஞ்ச ஒருத்தரிட்டைக் காட்டும்.

இனி உங்கட கலியாணப் படத்துக்குப் பிரதி எடுக்கிற கதைக்கு வருவம். “நாளைக்கு எடுத்து வைப்பம் மாமா” எண்டு நீர் சொல்லிச் சொல்லியே பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகத் துவங்கியிட்டுது. உம்மைப் பேசமாட்டன், உமக்குப் பெரிய இடத்தில கூட்டாளியள் இருக்கினம். 2023 ஓகஸ்டில இலங்கை அரசாங்கத்தின்ர கிளவுட்டுக்குள்ள, பூட்டிவைச்சிட்டுக் காசு கேக்கிற வைரஸ் பூந்தது. அரசாங்க ஈமெயில் விலாசம் ஒரு 5,000 மட்டில அகப்பட்டுது, அமைச்சரவை அலுவலகமும் அதுக்குள்ள. மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரைக்கும் வந்த கடிதங்களுக்குப் பக்கப் இல்லை, போனது போனதுதான். இனி ஆரும் உம்மைப் பஞ்சி பிடிச்ச ஆள் எண்டால், “நான் அமைச்சரவைத் தரம்” எண்டு சொல்லும்.

பஞ்சி பிடிச்சவரை நம்பி ஒரு வேலையும் விடக்கூடாதெண்டு எங்கட பழைய ஆக்களுக்குத் தெரியும். மோளுக்குச் சீதனமா எழுதின காணி உறுதியை யோசிச்சுப் பாரும். உந்த ஒரு அலுவலை மட்டும் நீர் நாளைக்கு எண்டு விடேல்லை, வடிவா ஞாபகம். நொத்தாரிசு அதில மூண்டு பிரதி வைப்பார். மூலம் எங்களுக்கு, ஒண்டு காணிப் பதிவகத்துக்கு, ஒண்டு அவரிட்டை. அவருக்கு ஞாபகம் வந்தால் அனுப்புற காரியமில்லை, சட்டம் அனுப்புவிக்கும். கொம்பியூட்டர் பைலுக்கும் இதுமாதிரி, பீட்டர் குரோ எண்ட அமெரிக்கப் படப்பிடிப்பாளர் ஒருத்தர் 3-2-1 எண்டு ஒரு விதியைப் பரப்பினவர். மூண்டு பிரதி, இரண்டு வகைச் சாமான், ஒண்டாவது வேற இடத்தில. எங்கட நொத்தாரிசுமார் கொம்பியூட்டரைக் காணமுந்தியே அதில முக்கால்வாசியையும் செய்துபோட்டினம்.

வேற இடம் ஏனெண்டு யாழ்ப்பாணத்தானுக்கு விளங்கப்படுத்தவேண்டியதில்லை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஓலையில கிடந்த வீரசோழியத்தை 1881 இல அச்சில ஏத்தினார், 1887 இல கலித்தொகையை. புத்தகம் ஊர் ஊராப் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு நெருப்பால அதை முடிக்கேலாது. வீரசோழியம் அச்சேறி நூறு வருசம் கழிச்சு, 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு நெருப்பு வைச்சாங்கள். ஏறக்குறைய 97,000 புத்தகம் போனது. அதில வேற இடத்தில பிரதி இருந்தது திரும்பி வந்தது, ஒரேயொரு பிரதியா இருந்த ஓலை வரேல்லை. 2005 இல துவங்கின நூலகம் இணையத்தளக்காரர் வீடு வீடாக் கிடந்த புத்தகம், சஞ்சிகை, ஓலையெல்லாம் ஸ்கான் பண்ணிப் போடுறது அந்தச் சூட்டாலதான்.

1995 ஒக்ரோபர் 30 சண்டையால வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. சனம் கையில எடுத்தது உறுதியும் பிறப்புச் சான்றிதழும், அல்பம் பாரமெண்டு விட்டிட்டு வந்த வீடு கனக்க. பேந்து அந்த வீடுகளில கலியாணப் படம் மிஞ்சினதெண்டால், அது கனடாவிலையோ லண்டனிலையோ இருந்த தங்கச்சிக்கு முந்தி அனுப்பின பிரதியாலதான்.

அதால உமக்கு நான் சொல்லுறது, திருந்தவேண்டாம். திருந்துவன் எண்டு நீர் சொன்னால்தான் எனக்குப் பயம். உம்மட பஞ்சியை அப்பிடியே வைச்சுக்கொண்டு மிசினை வேலை வாங்கும். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கிச் செருகும். ‘கொன்ட்ரோல் பனலுக்குள்ள’ ‘பைல் ஹிஸ்டரி’ எண்டு ஒண்டு கிடக்கு, அதில ‘டேர்ன் ஒன்’ அமத்தும். அவ்வளவுதான். மாத்தாமல் விட்டால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால், மாறின பைலைத் தானே பிரதியெடுக்கும், பழைய பிரதியையும் வைச்சிருக்கும். ஆனால் அது பார்க்கிறது டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டொப் மாதிரி இடங்களை. டி ட்ரைவில நீர் கட்டின அந்தப் போல்டர் கோட்டைக்குள்ள அது எட்டியும் பாராது. படங்களை இஞ்சால கொண்டுவாரும்.

கூகிள் ட்ரைவ் இருக்கு மாமா எண்டுவீர். இருக்கட்டும், 15 ஜீபி சும்மா தாறான், நல்ல மனுசன். ஆனால் ஒத்திசையவிட்ட போல்டரில நீர் இஞ்ச அழிக்க, அங்கயும் அழியும். குப்பைத்தொட்டியில 30 நாள் வைச்சிருப்பான், நீர் தேடுறது 31 ஆம் நாள். அதோட மாரி இடி கறண்ட் வயராலதான் வீட்டுக்குள்ள வரும், செருகிக் கிடக்கிற டிஸ்க்கையும் விடாது. பூட்டுப்போடுற வைரசும் அப்பிடித்தான். அதால இரண்டாவது டிஸ்க் ஒண்டில பிரதியெடுத்து, கழட்டி, மட்டுவிலில உம்மட அக்கா வீட்டு அலுமாரியில வையும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகேக்க புதுசு மாத்தினால் காணும். அந்தச் சாட்டில அக்காவையும் பார்த்ததாகும்.

கடைசியா ஒண்டு, இதைத்தான் ஒருத்தரும் செய்யிறேல்லை. எடுத்த பிரதி திரும்பி வருமோ எண்டு பார்க்கவேணும். ஏதாவது ஒரு படத்தை அழிச்சுப்போட்டு, பைல் ஹிஸ்டரிக்குள்ள போய் ‘ரிஸ்டோர்’ அமத்தி எடுத்துப் பாரும். முதல்தரம் செய்யேக்க என்ர படத்தை அழியும், போனாலும் நட்டமில்லை. மாமியின்ர படத்தில மட்டும் கை வைக்காதையும். அது திரும்பி வராட்டில், மட்டுவில் அலுமாரிக்குள்ள டிஸ்க்கோட உமக்கும் ஒரு இடம் பார்க்கவேண்டி வரும்.