அக்காவுக்குக் கை நீளம்

பிரோன்டே சகோதரிகள் என்றாலே ஆங்கில இலக்கியப் பேராசிரியர்களுக்குக் குரல் தழுதழுத்துவிடும். யார்க்‌ஷர் பொட்டல்வெளி, ஓயாத காற்று, இருமல், வாசற்கதவைத் திறந்தால் கல்லறைத் தோட்டம், நடுவில் மூன்று சோகப் பெண்கள். பொய்யில்லை. ஆனால் 1826 ஜூனில் ஒரு காலை ஹாவொர்த் பாதிரியார் வீட்டை எட்டிப் பார்த்திருந்தால், மரப்பொம்மைகளுக்காக முட்டிமோதும் நாலு வாண்டுகளைத்தான் பார்த்திருப்பீர்கள்.

பாதிரியாரான அப்பா பேட்ரிக் அயர்லாந்துக்காரர். மனைவியும் மூத்த மகள்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர, மிஞ்சியது நாலு பிள்ளைகள். ஷார்லட்டுக்குப் பத்து வயது, பிரான்வெல்லுக்கு ஒன்பது ஆகப்போகிறது, எமிலிக்கு ஏழு, கடைக்குட்டி ஆனுக்கு ஆறு. லீட்ஸ் நகருக்குப் போன அப்பா, ஒரு பெட்டி மரச்சிப்பாய்கள் வாங்கிவந்தார். பன்னிரண்டு பேர். மகனுக்காக வாங்கியது.

மகன் சமர்த்தாகப் பெட்டியை ஒளித்துவைத்திருக்கலாம். விடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு அக்கா தங்கைகளின் அறை வாசலில் போய் நின்றான். ஷார்லட் படுக்கையிலிருந்து குதித்தாள். இருப்பதிலேயே அழகான சிப்பாயைப் பறித்தாள். இவர்தான் வெலிங்டன் பிரபு, இவர் எனக்கு என்று அறிவித்தாள். மூன்று வருஷம் கழித்து இதையெல்லாம் அவளே எழுதியும் வைத்தாள், கொஞ்சமும் கூச்சமில்லாமல். எமிலிக்குக் கிடைத்தது உம்மணாமூஞ்சி. அதையே பெயராக வைத்தார்கள். ஆனுக்கு வாய்த்த விசித்திரப் பொடியனுக்கு எடுபிடி என்று பெயர். அவன் ஆனைப் போலவே இருந்தானாம், அக்காவின் சான்றிதழ் இது. பெட்டிக்குச் சொந்தக்காரன் பிரான்வெல் எடுத்துக்கொண்டது நெப்போலியனை. வாட்டர்லூவில் வெலிங்டனிடம் தோற்றுப் பதினோரு வருஷமான ஆளை!

இந்த வெலிங்டன் நமக்கும் அந்நியரில்லை. 1799-ல் திப்பு சுல்தானை எதிர்த்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வந்த ஆர்தர் வெல்லெஸ்லிதான் பிற்பாடு பிரபுவானார். குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் வெலிங்டன் அவர் பெயரைத் தாங்கியதுதான்.

சிப்பாய்கள் வந்தாயிற்று, கதை வேண்டுமே. அப்பாவின் நல்ல குணம், இதைப் படி, அதைப் படிக்காதே என்று அலமாரிக்குக் காவல் நிற்கவில்லை. அரபுக் கதைகள், கல்லிவரின் பயணங்கள், ஈசாப், ஒரு பூகோளப் புத்தகம், ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும் இரண்டு லீட்ஸ் பத்திரிகைகள், இரவல் வாங்கிய பிளாக்வுட் மாத இதழ் என்று கைக்கு எட்டியதையெல்லாம் மேய்ந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினார்கள். பன்னிரண்டு வீரர்களும் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா போனார்கள். அசாந்தி மக்களை வென்றார்கள். கண்ணாடி நகரம் என்று ஒன்றைக் கட்டினார்கள். 1824-ல்தான் நிஜ அசாந்திகள் ஒரு நிஜ ஆங்கிலேய கவர்னரைக் கொன்றிருந்தார்கள். அந்தக் கணக்கை ஹாவொர்த்தில் நாலு குழந்தைகள் தீர்த்துவைத்தார்கள். பத்து வயதிலேயே அடுத்தவன் நாட்டில் கொடி நடும் இந்தப் பழக்கம், கொடி நடப்பட்ட ஊர்க்காரனான எனக்குச் சற்று உறுத்தத்தான் செய்கிறது.

அந்த நாட்டுக்குத் தெய்வங்களும் அவர்களேதான். அரபுக் கதைகளிலிருந்து பூதங்களை இறக்குமதி செய்து, டாலி, பிரானி, எமி, ஆனி என்று தங்களுக்கே பூதப் பட்டம் கட்டிக்கொண்டார்கள். போரில் செத்த சிப்பாயைப் பூதங்கள் எழுப்பிவிடும். எழுப்பாமல் முடியுமா? கைவசம் இருப்பதே பன்னிரண்டு பேர். சிப்பாய்களுக்குத் தனி பாஷையும் உண்டு: மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசும் யார்க்‌ஷர் வட்டார வழக்கு.

1827 டிசம்பரில் ஒரு ராத்திரி, சமையலறை அடுப்பங்கரை. மெழுகுவத்தி ஏற்றச் சொல்லிக் கெஞ்சியும் சமையற்கார டாபி கிழவி மசியவில்லை. என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று பிரான்வெல் சோம்பலாக இழுக்க, எமிலியும் ஆனும் பின்பாட்டுப் பாடினார்கள். போய்ப் படுங்கள் என்றாள் கிழவி. அது மட்டும் முடியாது என்றான் பயல். அப்போது ஷார்லட், ஆளுக்கொரு தீவு வைத்துக்கொள்ளலாமா என்று ஆரம்பித்தாள். இரண்டு வருஷம் கழித்து ஒரு கதைத்தொடரையே அதிலிருந்து எழுதினாள். கிழவி ஒரு மெழுகுவத்தியை மிச்சம் பிடித்ததில் இலக்கியத்துக்கு லாபம்.

1829 ஜனவரியில் பிரான்வெல், பிளாக்வுட் மாதிரியே சொந்தப் பத்திரிகை தொடங்கினான். வாசகர்கள் மரச்சிப்பாய்கள், ஆகவே பத்திரிகையும் அவர்கள் உயரத்துக்கேற்பத் தீப்பெட்டி அளவுதான். சர்க்கரைப் பொட்டலத் தாள், சுவர்க்காகிதத் துண்டு எனக் கிடைத்ததை வெட்டித் தைத்து, அச்செழுத்து மாதிரியே பொடிப்பொடியாக எழுதினார்கள். விளம்பரங்கள்கூட உண்டு. கண்பார்வை மங்கலான அப்பாவால் ஒரு வரி படிக்க முடியாது என்பது கூடுதல் வசதி. சில மாதங்களிலேயே ஆசிரியர் நாற்காலி ஷார்லட்டிடம் போய்விட்டது. நிறுவனர், எழுதிக் கொடுப்பவரானார். 1830-ல் அவள் தயாரித்த ஓர் இதழ் 2019-ல் பாரிஸில் ஏலத்துக்கு வந்தது. ஹாவொர்த் வீட்டில் இப்போது நடக்கும் அருங்காட்சியகம் அதை 6 லட்சம் யூரோ கொடுத்து எடுத்தது.

1831-ல் ஷார்லட் படிக்க வெளியூர் போனாள். சின்னதுகள் இரண்டும் இதுதான் சமயமென்று கட்சியை உடைத்தன. துருவக் கடல்களுக்குப் போன பாரி, ராஸ் என்ற கேப்டன்கள்மேல் இருவருக்கும் பித்து. உம்மணாமூஞ்சி முன்னமே பாரியாகவும், எடுபிடி ராஸாகவும் பதவி உயர்வு பெற்றிருந்தார்கள். புதுக் கட்சியின் தேசத்துக்குப் பெயர் கோண்டல், இருப்பிடம் வடபசிபிக். ஷார்லட்டும் பிரான்வெல்லும் அங்க்ரியா என்று இன்னொரு ராஜ்ஜியம் கட்டி, பிரபுக்களையும் கள்ளக்காதலிகளையும் குடியேற்றினார்கள்.

ஷார்லட்டாவது இருபத்து மூன்று வயதுவாக்கில் அங்க்ரியாவுக்கு விடை கொடுத்தாள். 1845 ஜூன் கடைசியில் எமிலியும் ஆனும் யார்க் நகருக்குச் சுற்றுலா போனார்கள். வயது இருபத்தாறு, இருபத்தைந்து. வழிநெடுக அவர்கள் எமிலி, ஆன் அல்லர். கோண்டல் இளவரசர்களும் இளவரசிகளும், தப்பியோடி ராஜவிசுவாசிகளோடு சேரப்போகிறவர்கள். எதிரில் வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ! ஒரு மாதம் கழித்து இருவரும் தனித்தனியே குறிப்பு எழுதினார்கள். கோண்டல்காரர்கள் முன்போலவே ஜொலிக்கிறார்கள் என்றாள் எமிலி. அவ்வளவு சுகமில்லை, தேறுவார்களா தெரியவில்லை என்றாள் ஆன். அலுத்துப்போனதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்ற தங்கையின் சங்கடம் எனக்குப் புரிகிறது.

அந்த இலையுதிர்காலத்தில் பழைய கை மறுபடி நீண்டது. எமிலியின் கவிதை நோட்டு ஷார்லட் ‘கண்ணில் பட்டதாம்’. பட்டால் மூடிவைக்க வேண்டியதுதானே? முழுக்கப் படித்தாள், போதாததற்கு, அச்சில் போடலாம் என்று வேறு போய் நின்றாள். எமிலி சீறிய சீற்றம் தணிய மணிக்கணக்கானது, சம்மதிக்க நாட்கணக்கானது. சம்மதித்தபின் கவிதைகளிலிருந்து கோண்டல் பெயர்களையெல்லாம் துடைத்துவிட்டாள். ‘ரிமெம்பரன்ஸ்’ கவிதையைப் படித்து, ஐயோ, இவள் யாரைப் பறிகொடுத்தாளோ என்று உருகியவர்கள் ஏராளம். அது கோண்டல் சீமாட்டி ஒருத்தி, செத்துப்போன ஜூலியஸ் பிரென்சைடாவுக்காக வைக்கும் ஒப்பாரி.

1846-ல் சகோதரிகள் மூவரும் ஆண்களோ பெண்களோ என்று பிடிபடாத புனைபெயர்களில், கைக்காசைப் போட்டுக் கவிதைத் தொகுப்பு வெளியிட்டார்கள். பிரான்வெல்லிடம் மூச்சு விடவில்லை. இருபது வருஷத்து ராஜ்ஜியங்கள், பூதங்கள், போர்கள் எல்லாம் திரண்டு வந்த முதல் புத்தகம். விற்றது இரண்டு பிரதி. எழுதியவர்களே மூன்று பேர்.