லோகோ பெரிதாதல்: இணையப் புடவைக் கடைக்குக் கருத்துரைத்தல் பற்றிய ஓர் ஆய்வு

இணையக் கடை ஒன்றின் பக்க அமைப்பைக் காட்டினால், கருத்துச் சொல்லாமல் எழுந்து போகும் தமிழர் எவரும் இல்லை என்பது இவ்வாய்வின் கருதுகோள். இதைப் பொய்ப்பிக்க ஒரே ஓர் ஆள் போதும். அந்த ஆளைத் தேடியபோது, “எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரமெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க” என்று தொடங்கியவர்கள் பலர் கிடைத்தார்கள். அத்தனை பேரும் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் பேசினார்கள். ஆகவே கருதுகோள் நிறுவப்பட்டதாகக் கொண்டு மேலே செல்லலாம்.

ஆய்வுக் களம், சேலம் பக்கத்து ஜவுளிக்கடை ஒன்றின் மேல்மாடி. புதிதாகத் தொடங்கவிருந்த இணையக் கடையின் முகப்புப் பக்கத்தைச் சுவரில் காட்டி, வீட்டாரையும் கடை ஆட்களையும் கருத்துச் சொல்லக் கூட்டியிருந்தார்கள். ஆய்வு முறை, ஓரமாக உட்கார்ந்து டீ குடித்தல். ஆய்வாளருக்கு அங்கே என்ன வேலை என்ற கேள்வி அவையில் எழவில்லை. எனவே இங்கும் எழத் தேவையில்லை.

முன்னோர் மொழிந்ததைச் சுட்டாத ஆய்வுக்குப் பட்டம் கிடைக்காது. தொல்காப்பியத்துக்குச் சிறப்புப் பாயிரம் தந்த பனம்பாரனார், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அந்நூல் அரங்கேறியதாகச் சொல்கிறார். வடிவமைப்புக்குக் கருத்துரைத்தவர்களில் நமக்குத் தெரிந்த முதல்வர் இந்த ஆசான்தான் என்பது என் துணிபு. எழுத்து, சொல், பொருள் என்று மூன்றே அதிகாரங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்பது இயல்கள். இவ்வளவு ஒழுங்கான மெனுவை எந்த இணையக் கடையிலும் நான் கண்டதில்லை. “வருகிறவர்கள் பொருளைத்தானே தேடுவார்கள், அதைத் தூக்கி முதலில் வையுங்கள்” என்று ஆசான் சொன்னதாகச் செய்தி எதுவும் இல்லை. பாண்டியன் அவைக்கு வாட்ஸ்அப் குழு இல்லாதது காரணமாக இருக்கலாம்.

களத்துக்கு வருவோம். முதலில் வாய் திறந்தவர் முதலாளி. “எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. லோகோ மட்டும் கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்.” பக்கத்தை வடிவமைத்த தம்பி, “சரிங்கண்ணா” என்று பெரிதாக்கினார். “இன்னுங் கொஞ்சம்.” ஆக்கினார். “பயப்படாம இழுங்க தம்பி.” இழுத்ததில் தேடுபெட்டி ஓரத்துக்குப் போய், கூடைச் சின்னம் திரையை விட்டே வெளியேறியது. “இப்பத்தான் களையே வந்திருக்கு” என்றார் முதலாளி.

இந்த ஆசையைக் கேலி செய்து கடந்துவிடக் கூடாது. மெயின் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர் கண்ணில் படவேண்டிய பெயர்ப்பலகை பெரிதாகத்தான் இருக்க வேண்டும். தொழில் செய்து வளர்ந்த ஒருவருக்கு அது அனுபவ அறிவு. ஆனால் இணையக் கடையின் பக்கத்தைத் திறந்துவிட்டவர் ரோட்டில் இல்லை, கடைக்குள் நிற்கிறார். கடையின் பெயர் அவருக்குத் தெரியும். இரண்டாயிரம் ரூபாய்க்குள் காட்டன் புடவை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் தெரியாது. அவையில் யாருக்கும் அது தெரியவில்லை. யாரும் தேடவும் இல்லை.

முதலாளியின் மகன் பக்கம் முழுவதும் கறுப்புப் பின்னணி வேண்டுமென்றார். அவருடைய அத்தை, “தீபாவளிக்குத் துணி எடுக்க வர்றவங்களுக்குக் கறுப்பையா காட்டுவாங்க?” என்று ஒரே அடியில் முடித்தார். கணக்குப்பிள்ளை ஜி.எஸ்.டி. எண் முகப்பிலேயே தெரிய வேண்டும் என்றார். ‘வாங்கு’ பட்டன் பச்சையா மெரூனா என்பதில் அவை இரண்டாகப் பிரிந்து (அத்தை மெரூன் கட்சி), சமோசா வந்த பிறகே மீண்டும் கூடியது. பணம் கட்டும் முறை, கூரியர், திருப்பி அனுப்பும் விதி ஆகிய மூன்றும், “அதெல்லாம் நீங்க பாத்துக்குங்க தம்பி” என்ற ஒற்றை வாக்கியத்தில் நிறைவேறின.

இதற்கு ஏற்கெனவே விதி வகுத்தவர் ஒருவர் உண்டு. சிரில் நார்த்கோட் பார்க்கின்சன், 1950களில் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர். 1957-இல் வந்த தம் நூலில் ஒரு கற்பனை நிதிக் குழுவை அவர் காட்டுகிறார். ஒரு கோடி பவுண்ட் அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் கிடைக்கிறது. 350 பவுண்ட் சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் விவாதம் நடக்கிறது. அணு உலை பெரும்பாலோருக்குப் புரியாது, கொட்டகை எல்லோருக்கும் புரியும். அந்தக் குழுவில் சமோசா கிடையாது என்பதொன்றே நம் களத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு.

எனினும் பார்க்கின்சன் விதி நேரத்தை அளக்கிறதே தவிர, கருத்துகளை வகைப்படுத்துவதில்லை. அதற்குப் பவணந்தி முனிவரிடமே போக வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பட்டியலிடுகிறது. அவர் எழுதுகிறவர்களை மனத்தில் கொண்டார் என்று உரையாசிரியர்கள் கருதுகிறார்கள். இணையப் பக்கத்துக்குக் கருத்துச் சொல்ல வருகிறவர்களை மனத்தில் கொண்டார் என்று நான் கருதுகிறேன். சான்றுகள் என் பக்கமே வலுவாக இருக்கின்றன.

குன்றக் கூறல்: பக்கத்தின் இணைப்பை அனுப்பியதும் வரும் கட்டைவிரல் படம். பார்த்துவிட்டு அனுப்பியதா, திறக்காமலே அனுப்பியதா என்று எந்த ஆய்வாலும் கண்டறிய இயலாது. மிகைபடக் கூறல்: நள்ளிரவில் வரிசையாக வந்து விழும் குரல் பதிவுகள். ஒவ்வொன்றும் “தம்பி, இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன்” என்று தொடங்கும். கூறியது கூறல் பற்றி மேலே லோகோவில் கூறியாயிற்று. மறுபடியும் கூறினால் நானும் அக்குற்றத்துக்கு ஆளாவேன்.

மாறுகொளக் கூறல்தான் இவற்றில் தலைசிறந்தது. “பக்கம் சிம்பிளா இருக்கணும், ஆனா பாத்ததும் கிராண்டாத் தெரியணும்.” “எல்லாப் புடவையும் மொதல் பக்கத்துலயே வரணும், ஆனா கூட்டமா இருக்கக் கூடாது.” இவற்றைச் சொன்னவர் இடையில் மூச்சுக்கூட விடவில்லை. தம்பியோ ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்காமல் குறித்துக்கொண்டார். இத்துறையில் பல ஆண்டு பழகியவர்களுக்கே அந்தப் பக்குவம் வரும்.

மயங்க வைத்தல் என்பது, திரையைப் படம் பிடித்துப் பாதிப் பக்கத்தைச் சிவப்பு வட்டத்துக்குள் அடக்கி, “இதை மாத்துங்க” என்று மட்டும் எழுதி அனுப்புவது. மற்றொன்று விரித்தல் என்பது, பெரிய நிறுவனத்தின் தளத்தைத் திறந்து காட்டி, “இவங்க பண்ணியிருக்காங்க பாருங்க” என்று தொடங்கி, அதில் தாம் வாங்கிய மிக்ஸியின் வரலாற்றில் முடிப்பது. சென்று தேய்ந்து இறுதல் எல்லாப் பக்கங்களுக்கும் நேர்வது. மேலே ஓடும் பேனருக்கு ஆளாளுக்குக் கருத்து. கீழே போகப்போகக் குரல் மெலிந்து, திருப்பி அனுப்பும் விதி இருக்கும் அடிவரிசையை ஒரு விரலும் எட்டுவதில்லை. நின்று பயனின்மைக்கு இலக்கணமாக நின்றவர் கடை மேனேஜர்: “என்னமோ ஒண்ணு குறையுதுங்க. என்னன்னுதான் சொல்லத் தெரியல.” இவ்வகைக் கருத்துக்கு விடை கிடையாது. தம்பி எழுத்தின் நிறத்தைச் சற்றே மாற்றியதும், “ஆங், இப்ப சரியாயிருச்சு” என்றார் மேனேஜர். தம்பி மாற்றியது வேறொரு பக்கத்தில்.

இனி நிறம். புடவை விற்கிறவர்களுக்கு இது அலங்காரப் பிரச்சினை அல்ல, பிழைப்புப் பிரச்சினை. அன்றைய பக்கத்தின் ஃபில்டரில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று நான்கைந்து நிறங்கள் இருந்தன. ஆனால் கடைக்கு வருகிற எந்தப் பெண்ணும் “சிவப்புப் புடவை எடுங்க” என்று கேட்டு நிறுத்துவதில்லை. அரக்கு, மாம்பழ மஞ்சள், ராமர் பச்சை, கத்தரிப்பூ, வெங்காயத்தோல் என்றுதான் கேட்பார். இவற்றுள் மயில்கழுத்து தனி இனம். பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் ஓட்டி நெய்வதால், துணியைச் சாய்க்கும் கோணத்துக்கு ஏற்ப நிறம் புரளும். அசையாத ஒரு படத்தில் அது நீலமாகவோ பச்சையாகவோ உறைந்துவிடும். அப்புறம் ஃபில்டரில் அதை எங்கே அடைப்பது?

கூகுள் நிறுவனத்தில் இரண்டு நீலங்களில் எதை வைப்பது என்று முடிவுக்கு வர இயலாமல், இடைப்பட்ட 41 நீலங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். அங்கே வடிவமைப்புத் தலைவராக இருந்த டக்ளஸ் பௌமன், இப்படி ஒவ்வொரு சிறு முடிவுக்கும் புள்ளிவிவரம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்று சொல்லி 2009-இல் விலகினார். அந்த 41-இல் மயில்கழுத்து இருந்திருக்க வாய்ப்பில்லை. நம் களத்து அத்தை அங்கே இருந்திருந்தால், சமோசா ஆறுவதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பார்.

இவ்வளவு நேரமும் ஒரு நாற்காலியில் பேசாமல் இருந்தார் முதலாளியின் தாயார். யாரும் அவரிடம் கருத்துக் கேட்கவில்லை. படத்தை வெகுநேரம் பார்த்தவர், தம்பியைக் கூப்பிட்டார். “ஏங்கண்ணு, முந்தானை எங்க?”

பக்கத்தில் முந்தானை இல்லை. புடவை கட்டிய பொம்மையின் முன்புறம் மட்டுமே இருந்தது. கடையில் விற்பனையாளர் புடவையை எடுத்ததும் விரிப்பது முந்தானையைத்தான். எடுக்க வந்தவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். பிறகு பார்டர், உடல், கடைசியில் துணியைப் புரட்டி உட்பக்கம் நூல் விட்டிருக்கிறதா என்று ஒரு பார்வை. “ஜாக்கெட்டுத் துணி சேந்து வருதா, தனியா எடுக்கோணுமா? அதையும் போடலையே” என்றார் அவர். ஐந்தரை மீட்டரா, ரவிக்கைத் துணியோடு சேர்ந்து ஆறேகாலா என்று எங்கேயும் குறிப்பிடவில்லை என்பதை அவை அப்போதுதான் உணர்ந்தது. உணர்ந்து, சற்று நேரம் மௌனம் காத்து, மீண்டும் லோகோவுக்குத் திரும்பியது.

ஆய்வின் நடுப்புள்ளி இதுவே என்பதால் சற்று நிற்கிறேன். அந்த அறையில் இருந்த எல்லோரும் பக்கத்தைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் ஒருவர்தான் புடவை எடுக்கப் போனார். பார்க்கிறவருக்கு நிறமும் அளவும் இடமும் கண்ணில் படும். வாங்குகிறவருக்கு வழியில் கிடக்கும் கல் காலில் படும்.

இதற்கு அயல்நாட்டுச் சான்றும் உண்டு. பயன்பாட்டு ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் பதிவு செய்த நிகழ்ச்சி இது. பெயர் சொல்லப்படாத ஒரு பெரிய அமெரிக்க இணையக் கடையில், கூடையை நிரப்பிவிட்டுப் பணம் கட்டப் போனால் ஒரு சிறு படிவம் குறுக்கே வரும். மின்னஞ்சல், கடவுச்சொல், ‘உள்நுழை’, ‘பதிவு செய்’ அவ்வளவுதான். மறுபடி வருகிறவர்களுக்கு வசதி என்று நினைத்து வைத்தது. வாங்க வந்தவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோது, புதியவர்கள் எரிச்சலடைவதும், பழையவர்கள் கடவுச்சொல் மறந்து தவிப்பதும் தெரிந்தன. ‘பதிவு செய்’ போய் ‘தொடர்க’ வந்தது. வாங்குவதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை என்று ஒரு வரியும் சேர்ந்தது. வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதலாண்டில் கூடுதல் விற்பனை 30 கோடி டாலர். பட்டனின் நிறம் பற்றி அந்த வரலாற்றில் ஒரு சொல் இல்லை என்பதைப் பச்சைக் கட்சியும் மெரூன் கட்சியும் கவனிக்க வேண்டுகிறேன்.

இப்படிக் கவனிக்க எத்தனை பேர் வேண்டும்? ஐந்து பேர் போதும், பெரும்பாலான குறைகள் அதிலேயே தெரிந்துவிடும் என்று 2000-இல் எழுதினார் யாக்கோப் நீல்சன். அரசனுக்கு ஐம்பெருங்குழுவை வைத்த தமிழருக்கு இது புதிதல்ல. கூடவே எண்பேராயத்தையும் வைத்ததில்தான் சிக்கல். நம் ஜவுளிக்கடை மேல்மாடியில் கூடியது அதுதான். நீல்சனின் ஐவர் பேச வேண்டியதில்லை, பக்கத்தில் ஒரு வேலையைச் செய்து காட்டினால் போதும்.

ஒரு கருத்து மட்டும் சிரிப்புக்கு அப்பாற்பட்டது. கூட்டம் முடியும் நேரத்தில் மகன், “ஒவ்வொரு புடவைக்குக் கீழயும் ‘இன்னும் 2 மட்டுமே’ன்னு போட்டுருங்க” என்றார். குடோனில் கட்டுக்கட்டாக இருந்தது. தம்பி அன்று முதன்முறையாக மறுத்துப் பேசினார். அவர் பேச்சுக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த நெறிமுறைகள், இணையத்தில் வாங்குகிறவர்களை ஏய்க்கும் வடிவமைப்பு உத்திகளை 13 வகையாகப் பிரித்துத் தடை செய்கின்றன. இல்லாத அவசரத்தைக் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது, விலையைக் கடைசிப் படியில் ஏற்றுவது எல்லாம் அதில் அடக்கம். லோகோவின் அளவு பற்றி ஆணையம் எதுவும் சொல்லவில்லை. முதலாளி அதைச் சாதகமாக எடுத்துக்கொண்டார்.

பக்கம் இப்போது நடப்பில் இருக்கிறது. ஒவ்வொரு புடவைக்கும் முந்தானை, பார்டர், உட்பக்கம் என்று தனிப் படங்கள் உள்ளன. நீளமும் ரவிக்கைத் துணி விவரமும் விலைக்கு அடுத்தே வருகின்றன. மயில்கழுத்துக்கு, துணியைக் கையில் பிடித்து அசைத்துக் காட்டும் சிறு வீடியோ உண்டு. பட்டன் மெரூன் நிறத்தில் இருக்கிறது, அத்தையின் கட்சி வென்றது. லோகோ பெரிதாகத்தான் இருக்கிறது.

இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே. யாராவது தம் இணையக் கடையைக் காட்டிக் கருத்துக் கேட்டால், உங்கள் போனில் திறந்து, ஒரு பொருளைத் தேடிக் கூடையில் போட்டு, பின்கோடு அடித்து, பணம் கட்டும் பக்கம் வரைக்கும் போய்ப் பாருங்கள். என்ன தேடினீர்கள், எந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள் என்ற இரண்டை மட்டும் சொல்லுங்கள். லோகோவைப் பற்றி அவர்கள் வீட்டிலேயே சொல்லி முடித்திருப்பார்கள்.